அப்பாவின் நிழற்படம்

2005 ஓகஸ்ட் 8, திங்கள்

மழை. கட்டுகஸ்தோட்டை வீதி முழுக்கச் சேறு. ஸ்ரூடியோவுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு செருப்பு அறுந்துவிட்டது. புதுப் பிரிண்டர் வருகிறது, வருகிறது என்று முதலாளி மனுவேல் அண்ணன் சொல்லத் தொடங்கி எத்தனையோ காலம். இன்றும் வரவில்லை. "லொறி மாவனெல்லையில நிக்கிதாம் தங்கச்சி." இவருக்கு வரவேண்டிய எந்த லொறியும் மாவனெல்லையில்தான் நிற்கும்.

என் எரிச்சல் அதற்கில்லை. போன வாரத்து எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆடி அமாவாசை அன்று முன்வீட்டு லீலாதேவி மாமி படலையில் நின்று, "வதனி, நீயும் அப்பாவுக்கு விரதம் பிடிக்கிறனியோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா குசினிக்குள் இருந்து, "தேப்பன் இருக்கிற பிள்ளை ஏன் அந்த விரதம் பிடிக்கவேணும்?" என்றார். மாமி படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அம்மா பொட்டைச் சரிசெய்துகொண்டு வந்து சோறு போட்டார்.

எண்பத்து மூன்று ஜூலையில் இடமாற்ற விஷயமாகக் கொழும்புக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அடுத்த நாள் கண்டியில் எங்கள் வாடகை வீட்டைக் கலவரக்காரர் கொளுத்தினார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சிங்கள வீட்டுக் களஞ்சிய அறைக்குள் ஒளிந்து இருந்திருக்கிறார். எனக்கு அப்போது இரண்டு வயது. வீட்டோடு படங்களும் எரிந்தன. கலியாண அல்பத்தின் மற்றப் பிரதி யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தது. தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் அதுவும் போயிற்று.

அப்பா இருக்கிறாரா இல்லையா என்பது அம்மாவின் வழக்கு. என் வழக்கு வேறு. அவருடைய முகம் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தாலும் தெரியாது. இருபத்து நாலு வயதாகிறது, ஊரெல்லாரின் முகத்தையும் அச்சடித்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன், என் தகப்பனின் முகம் எப்படி என்று எனக்குத் தெரியாது. இதை யாரிடம் சொல்ல?

ஓகஸ்ட் 17

வந்துவிட்டது. மனுவேல் அண்ணன் மெழுகுதிரி கொளுத்தி, செபம் சொல்லி, சிலுவை போட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். நல்லகாலம், புனித நீர் தெளிக்கவில்லை.

முதலில் ஒரு மணமகளின் படம். வெளியே வந்த தாளை நானும் கடையில் என்னோடு வேலை செய்கிற றிஸானாவும் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தோம். பழைய மெசினில் கன்னம் எப்போதும் மணல் தூவினது போலத்தான் வரும். இதில் அப்படியே தோல். கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்குகிற இடத்தில் ஒரு கோடு, ஒரு புள்ளி கண்ணுக்குத் தெரியவில்லை.

"பழசுல நாலு மை, இதுல ஆறு," என்றார் மனுவேல் அண்ணன். "புதுக் கலர்னு நெனச்சிராதீங்க. அதே நீலம், அதே செவப்புதான், தண்ணி ஊத்துன மாதிரி வெளிறினது. மொகத்துக்கு அதுதான் வேணும். வெள்ளத் தாள்ல கடும் செவப்புப் புள்ளி ஒண்ண வச்சா எடுப்பாத் தெரியும். வெளிறின புள்ளி நாலஞ்ச நெருக்கி வச்சா தெரியாது." ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்போடு நின்றதை இவர் பெருமையாகச் சொல்வார். மெசின் புத்தகத்தை வாசித்து நான் சொன்னதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்கிறார் என்பதை மறந்துவிட்டார்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மணமகளைக் காணவில்லை. வெள்ளைத் தாளில் சின்னச் சின்ன நீலம், சிவப்பு, மஞ்சள். ஒழுங்கே இல்லை. ஒழுங்காக வைத்தால் கண் அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடுமாம். அதனால் வேண்டுமென்றே சிதறி வைக்கிறது. ஓர் இடத்தில் நிறம் கொஞ்சம் கூடிவிட்டால் பக்கத்து இடத்தில் குறைத்துக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. கண்ணாடியை எடுத்தேன். மணமகள் திரும்பி வந்து சிரித்தாள்.

ஓகஸ்ட் 19

கரண்ட் போனது. நெற்றிவரை மட்டும் அச்சான ஒரு மாப்பிள்ளை தட்டில் கிடக்கிறார்.

செப்டெம்பர் 21, புதன்

அவசரமாக எழுதுகிறேன். கிறுக்கல் எழுத்தை மன்னி, நாட்குறிப்பே.

ஆண்டு மலருக்காகப் பிரதி எடுத்துத் தரும்படி ஒரு பாடசாலையிலிருந்து ஒரு பெட்டி பழைய படங்கள் வந்தன. எண்பத்து மூன்றுவரை அப்பா மாஸ்டராக இருந்து படிப்பித்த பாடசாலை. ஆசிரியர் குழுப் படம் ஒன்று, பின்னால் பென்சிலில் 1982 என்று எழுதியிருக்கிறது. கீழே பெயர் எழுதிய மட்டையைக் கறையான் தின்றுவிட்டது. மைதானத்துப் புல்லில் மூன்று வரிசையாக ஆட்கள். ஆண்கள், பெண்கள், அதிபர் நடுவில். ஒருவர் முகம் ஒரு பயற்றங்கொட்டை அளவு.

இவர்களில் ஒருவர் என் அப்பா. எவர்?

சத்தியமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இரத்தம் சொல்லும் என்பார்களே. ஒன்றும் சொல்லவில்லை. முழுத்தாள் அளவுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். படத்தை மேசையில் விரித்தார். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை. திரும்ப மேல் வரிசை. எவ்வளவு நேரம். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நடு வரிசையில் ஓரமாக நின்ற மீசைக்காரர் மேல் விரலை வைத்தார்.

"இந்தா. இவர்தான்."

"உண்மையாவோ அம்மா?"

"ஓம் பிள்ளை. இவர்தான் கொப்பர்."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனார்.

செப்டெம்பர் 27

பயற்றங்கொட்டையைத் தேங்காய் அளவுக்குப் பெருப்பிக்கவேண்டும். ஸ்கேனரில் எவ்வளவு நுணுக்கமாக எடுத்தாலும் அந்த முகத்தில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சத்தைக் கொம்பியூட்டர் ஊகிக்கிறது. ஊகித்ததைப் பிரிண்டர் மினுக்குகிறது. முதல் தடவை சாதாரணத் தாளில் அடித்தேன். மை ஊறிப் பரவி, அப்பா நனைந்த துணி மாதிரி வந்தார். மினுக்குப் பூச்சுப் பூசின தாளில் துளி விழுந்த இடத்திலேயே நிற்கும். அதில் அடித்தால் ஊகித்ததெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. மூக்கு ஒரு பக்கம் இல்லை.

படத்தின் அடியில், புல்லின் மேல் ஏதோ ஒரு கம்பத்தின் நிழல் நீட்டாகக் கிடக்கிறது. அசிங்கம். பாடசாலைக்குக் கொடுக்கும் பிரதியில் அதை வெட்டி விட்டேன்.

ஒக்டோபர் 1

மூக்கைச் சரிசெய்யவென்று அம்மாவிடம் கேட்டேன். அப்பா எப்படி இருப்பார்?

"பச்சைமிளகாயைக் கடிச்சுக் கடிச்சுச் சாப்பிடுவார். கோவம் வந்தால் இங்கிலீசு வரும். பேப்பர் வாசிக்கேக்க ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில வைச்சுக்கொண்டு நிப்பார், கொக்கு மாதிரி. எதையாவது உத்துப் பாத்தால் அந்தக் கால் தானா எழும்பும். கொக்கர் எண்டுதான் நான் கூப்பிடுறனான்."

"முகம் அம்மா, முகம். மூக்கு எப்பிடி?"

"வடிவான முகம்," என்றார் அம்மா. "நல்ல வடிவு." அவ்வளவுதான். மூக்கைப் பற்றிக் கேட்டால் கொக்கைப் பற்றிச் சொல்கிற மனுஷியிடம் நான் என்ன செய்ய? என் மூக்கையே கொஞ்சம் பார்த்து வைத்தேன்.

ஒக்டோபர் 9, ஞாயிறு

முடிந்தது. கன்னம் வழுவழு என்று வந்திருக்கிறது. மேசையில் வைத்துப் பார்த்தால் உயிருள்ள ஆள். கண்ணில் ஒரு சின்ன ஒளிகூட இருக்கிறது. அது தாளின் வெள்ளைதான், மை விழாத இடம். தெரிந்தும் அழுகை வருகிறது.

அம்மா அதை அலுமாரிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். சாமி அறைக்குள் இல்லை. "மாலை கீலை ஒண்டும் போட்டிடாதை," என்றார். லீலாதேவி மாமி வந்து பார்த்து, "அம்பிகைபாகன் மாஸ்டரோ, நான் காணேல்லையே, வடிவான ஆள்," என்றார்.

கண்ணாடியில் என் நாடியைப் பார்த்தேன். படத்தில் இருக்கிற அதே நாடி. நடுவில் அதே சின்னக் குழி. இத்தனை வருஷம் அப்பாவை முகத்தில் வைத்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறேன். எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 20

தேர்தல் முடிந்தது. சனங்கள் அரிசியும் மாவும் வாங்கி வைக்கிறார்கள். யாரும் சண்டை என்ற சொல்லைச் சொல்லவில்லை, ஆனால் வாங்குகிறார்கள்.

மனுவேல் அண்ணன் அப்பாவின் படத்தில் ஒன்று அடித்து, குழுப் படத்துக்குப் பக்கத்தில் கடைக் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறார். பழைய படம் புதிதாக்கப்படும் என்று மூன்று மொழியில் எழுத்து. "ஒங்கப்பாவால நமக்கு யாவாரம் ஓடுது தங்கச்சி." அப்பாவுக்குச் சம்பளம் கொடுங்கள் என்றேன்.

டிசம்பர் 28

பல்லேகலவுக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரன் என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். அட்டைப் படம் நான் அடித்ததுதான். நிற்கச் சொன்னான். வெயிலில் நின்றேன். மற்றவர்கள் பஸ்ஸுக்குள் ஏறி இருந்து என்னைப் பார்த்தார்கள். அப்பாவைக் கொழும்பில் இப்படித்தான் யாரோ இறக்கியிருப்பார்கள் என்று நினைப்பு வந்தது. அப்போது அவர் முகம் எனக்குள் வந்தது. இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை, நினைத்தவுடன் முகம் வந்தது.

2006 ஜனவரி 15

அம்மா காலையில் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடிக்கிறார். பொங்கலுக்கு என்ன செய்தோம், மாமி என்ன சொன்னார், எல்லாம் ஒப்புவிக்கிறார். நான் எழும்பினது தெரிந்தால் நிறுத்திவிடுவார். அதனால் எழும்பாமல் கிடக்கிறேன்.

பெப்ரவரி 9, வியாழன்

கடைக்கு ஒரு வயதான ஆள் வந்தார். தெல்தெனியப் பக்கம். பென்ஷன் கந்தோருக்குப் படம் எடுக்கவேண்டுமாம். உள்ளே வராமல் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "மே மம நே, மிஸ்," என்றார். இது நான்தானே என்று.

எது என்றேன்.

விரலால் காட்டினார். அப்பாவை.

நான் சிரித்தேன். "இல்லை மாத்தயா, அது என் அப்பா. சயன்ஸ் படிப்பித்தவர். அம்பிகைபாகன்." அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றினார். மீசை நரைத்திருக்கிறது. நாடியில் குழி.

"மிஸ், நான் வீரக்கோன். அந்த ஸ்கூலில சித்திரம் படிப்பிச்சது. அம்பிகபாகன் சேர் எனக்கு நல்ல கூட்டாளி. அவர் இந்தப் படத்தில இல்ல."

"ஏன் இல்லை?"

"ஸ்ரூடியோக்காரன் வரல்ல அன்றைக்கு. சேர்ட்ட கமெரா இருந்தது. அவர் தானே எடுத்தது."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று. நெற்றியைத் தடவித் தடவி யோசித்தார். "நல்லாச் சிரிக்கிற ஆள்… எனக்கு சரியா வரல்ல மிஸ். நிறைய வருஷம்." அவர் கண் கலங்கிவிட்டது. நான் அவருக்குப் பென்ஷன் படம் எடுத்துக் கொடுத்தேன். நேரே பாருங்கள், நாடியைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று சொன்னேன். சொல்ல முடிந்தது. எப்படி என்று தெரியவில்லை.

பெப்ரவரி 10

அம்மா விடிய எழும்பி வீரக்கோன் மாஸ்டருக்கு என் கலியாணக் கவலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 5

சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? இருபது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த புருஷன் வேறு ஆள் என்று எந்த வாயால் சொல்ல? வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்த மனுஷன் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பாவம், அவர் என்ன செய்வார். நல்ல மனுஷன். கோபம் எனக்கு என் நாடி மேல்தான்.

றிஸானாவிடம் மட்டும் சொன்னேன். "எங்கட ஊட்டுல மௌத்தான ஆக்கள்ட படம் செவுத்துல தூக்குறல்ல அக்கா. படம் இல்லாட்டியும் மொகம் மனசுல ஈக்கும் தானே," என்றாள். உனக்கு இருக்கும் என்றேன். உன் வாப்பா நேற்றுத்தானே உனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தார் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மதியம் அவளுடைய வட்டிலப்பத்தில் பாதியை எனக்குத் தந்தாள். அழுதுகொண்டே தின்றேன்.

ஏப்ரல் 26

திரும்பவும் தொடங்கிவிட்டது போலத்தான் தெரிகிறது. கொழும்பில் குண்டு. கண்டியில் சந்திக்குச் சந்தி காவல். மனுவேல் அண்ணன் ஆறு மணிக்கே கடையைப் பூட்டி, என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போகிறார்.

மே 14, ஞாயிறு

படம் நிறம் மாறிவிட்டது. இந்த மை சாயத் தண்ணீர்தான். காற்றும் குசினிப் புகையும் பட்டால் நீலம் முதலில் கழன்று போகும். நீலம் போனால் முகம் சிவக்கும். வீரக்கோன் மாஸ்டர் அம்மாவிடம் பேச்சு வாங்கினவர் போலச் சிவந்திருந்தார்.

இதைச் சாட்டாக வைத்துக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். "அம்மா, படம் பழுதாப்போச்சு. கழட்டட்டோ?" என்றேன். அழுவார், வேறு அடித்துத் தா என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கழட்டன்," என்றார் அம்மா. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "கழட்டு பிள்ளை. அந்தாள் ஆரெண்டு எனக்கே தெரியாது."

கழற்ற ஏறின நான் கதிரையிலேயே நின்றுவிட்டேன்.

"அண்டைக்கு எல்லாரையும் பாத்தன். திருப்பித் திருப்பிப் பாத்தன். ஒருத்தரும் அவர் மாதிரி இல்லை. அவர் இல்லை எண்டு அடிச்சுச் சொல்லவும் தெரியேல்லை. நீ என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனி. அந்தாள் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தார். சரி எண்டு விரலை வைச்சன்."

"ஏன் அம்மா?"

"எனக்கு அவற்ற முகம் மறந்து போச்சு, வதனி."

வெங்காயத்தைக் கீழே வைத்தார். "முதல் கொஞ்ச வருசம் கண்ணை மூடினால் வருவார். பிறகு சட்டை வரும், மணிக்கூடு கட்டின கை வரும், முகம் வராது. ஒரு படம் இருந்திருந்தால் பிடிச்சு வைச்சிருப்பன். பொட்டு வைச்சுக்கொண்டு, வருவார் வருவார் எண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன். வந்து வாசலில நிண்டால் ஆர் எண்டு கேப்பன். இதை உனக்கு எப்பிடிச் சொல்லுறது? எனக்கே மறந்து போச்செண்டால் பிறகு அந்த மனுசனை ஆர் வைச்சிருக்கிறது?"

நான் இறங்கி அம்மாவின் காலடியில் இருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. பெப்ரவரியிலிருந்து மறைத்ததை நானும் சொன்னேன். வீரக்கோன் மாஸ்டரைச் சொன்னேன். அப்பா அந்தப் படத்தில் இல்லை, அவர்தான் எடுத்தவர் என்று சொன்னேன். அம்மா சிவந்துபோன படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அந்தாளுக்கு உன்ர கலியாணக் கதை எல்லாம் சொல்லிப்போட்டன்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அழுகையாகிவிட்டது. வெங்காயம் அப்படியே கிடந்தது. இன்று கறி இல்லை.

மே 20

வீரக்கோன் மாஸ்டருக்கு அவருடைய முகத்தைப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். கண்ணாடிச் சட்டமும் போட்டுக் கொடுத்தார் மனுவேல் அண்ணன். "இவ்வளவு லஸ்ஸனாவா நான் ஒரு நாளும் இருந்தது இல்ல மிஸ்," என்றார். லஸ்ஸன, அழகாம். பாதி என் ஊகம், மாஸ்டர். மூக்கு என்னுடையது.

ஜூன் 16, வெள்ளி

பாடசாலை மலருக்கு அந்தக் குழுப் படத்தைத் திரும்பக் கேட்டார்கள், வெட்டாமல் முழுதாக. ஸ்கேன் செய்து வைத்ததைத் திறந்தேன். பெப்ரவரிக்குப் பிறகு அதைத் திறக்க மனம் வந்ததில்லை.

இந்தத் தடவை முகங்களைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்க்கிற பக்கத்தைப் பற்றி யோசித்தேன். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். அதிபரும், வீரக்கோன் மாஸ்டரும், கரையில் நின்று சிரிப்பை அடக்குகிற டீச்சரும், அத்தனை பேரும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் அடியில் கிடக்கிற அந்தக் கம்ப நிழல் கண்ணில் பட்டது. நான் வெட்டி எறிந்த கம்பம். வெயில் படம் எடுக்கிறவருக்குப் பின்னால் இருந்து அடிக்கிறது. நிழல் கமெராப் பக்கமிருந்து அவர்களை நோக்கி நீண்டு விழுந்திருக்கிறது. ஒற்றைக் கம்பம். ஆனால் கம்பத்துக்கு மேலே இரண்டு பக்கமும் முழங்கை. நடுவில் கொஞ்சம் கீழே, முக்கோணமாக, ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு…

முழங்கால். மடித்த முழங்கால்.

றிஸானா ஓடிவந்தாள். நான் கத்தினேனாம்.

ஜூன் 17

காலையிலிருந்து அந்த நிழலையே அடித்தேன். மனுவேல் அண்ணன் வாடிக்கையாளர்களைத் தானே பார்த்துக்கொண்டார். "வேல கெடக்கட்டும், நீங்க செய்ங்க," என்றார்.

முதல் தாளில் நிழலுக்குக் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பிரிண்டரின் தலையில் மை வருகிற, ஊசிக்கண் மாதிரியான ஓட்டைகள் ஒன்றிரண்டு அடைத்திருந்தன. கழுவினேன். பிறகு ஒரே இடத்தின் மேல் பல தடவை போய் வரும்படி வைத்தேன், ஒரு தடவை விட்ட இடத்தை மற்றத் தடவை நிரப்பும். தலை போய்ப் போய் வந்தது. அவ்வளவு மெதுவாக நான் எந்த மணமகளுக்கும் அடித்ததில்லை.

நிழல் பெரிது. பெருப்பிக்க வேண்டியிருக்கவில்லை, ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தது இருந்தபடி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது கறுப்பே இல்லை. முகத்தில் முக்கால்வாசி வெறும் தாள்தான், மை அங்கங்கே. இங்கே ஆறு மையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, தாளே தெரியவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை அம்மாவின் வாயில் சொல்லைப் போட்டுவிடுவேனோ என்று பயம். மேசையில் படத்தை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்தேன். சத்தியமாக வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே கதிரை இழுபட்ட சத்தம். பிறகு அம்மாவின் குரல். என்னைக் கூப்பிடவில்லை.

"கொக்கர்," என்றார் அம்மா. "ஐயோ, என்ர கொக்கர்."

நான் உள்ளே போனபோது படத்தின் மேல் குனிந்து, உள்ளங்கையை அந்த மடித்த காலின் மேல் வைத்திருந்தார். "இவர்தான் பிள்ளை. இவர்தான். பார், காலைத் தூக்கிப்போட்டார். அவ்வளவு பெரிய ஆக்கள் முன்னுக்கு நிக்கினம், இவர் காலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார்." அந்தக் கரையில் நிற்கிற டீச்சர் ஏன் சிரிப்பை அடக்குகிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அம்மா பகல் முழுக்க அழுதார். போன வருஷம் விரலை வைத்தபோது அழாத அம்மா. நான் பக்கத்தில் இருந்தேன். தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று தோன்றவில்லை.

ஜூன் 25

அம்மா படத்தை அலுமாரிக்குப் பக்கத்தில் மாட்டவில்லை. மாட்டட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், யோசிப்பம்," என்றார். துணியில் சுற்றிச் சாமி அறை வாசலில் சாத்தி வைத்திருக்கிறார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

ஜூலை 9

லீலாதேவி மாமி யாழ்ப்பாணம் போய் வந்தார். பாதை எப்போது பூட்டுவார்களோ என்று எல்லோரும் அவசரமாகப் போய் அவசரமாக வருகிறார்கள். அம்மா மாமியிடம் தனியாக ஏதோ சொல்லிவிட்டிருக்கிறார். மாமி ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்லை," என்கிறார் அம்மா.

ஜூலை, ஆடி அமாவாசை

எழும்பி வந்தபோது அம்மா குளித்துத் தலை விரித்திருந்தார். குசினியில் கசப்பு மணம். அந்தப் பையில் இருந்தது காத்தோட்டிக்காய். இந்த ஒரு நாளைக்கு மட்டும் யாழ்ப்பாணத்துச் சனங்கள் தேடிச் சமைக்கிற காய். எங்கள் வீட்டில் அது இதுவரை அடுப்பேறியதே இல்லை.

தேத்தண்ணிக்குக் கேத்திலை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"குடியாதை. தலைக்குத் தோஞ்சிட்டு வா. நீ இண்டைக்கு விரதம்."

நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

குளித்துவிட்டு வந்தேன். சாமி அறைக்குள் விளக்கு எரிந்தது. புல்லின் மேல் ஒற்றைக் காலில் நிற்கிற நிழலைச் சுவரில் மாட்டி, நித்தியகல்யாணிப் பூவில் மாலை கட்டிப் போட்டிருந்தார். மாலை கொஞ்சம் நீளம். முழங்காலை மறைத்தது. அம்மா எழும்பி அதை மேலே சுருக்கிக் கட்டிவிட்டு, நான் இருப்பதற்குத் தள்ளி இடம் விட்டார்.